காணிக்கைப் பானையில் ரேஷன் அரிசி

15 அக்டோபர் 1977, சனி

விடியலிலிருந்தே தூறல். துவைத்தது ஒன்றும் காயவில்லை. செருப்பு வார் அறுந்துவிட்டது, தைக்கக் கொடுக்கணும். மண்ணெண்ணெய் தீரப்போகிறது.

இந்த மாதம் எங்கள் தெருவில் கைப்பிடி அரிசி வாங்குவது என் முறை. உலையில் போடும் முன் ஒரு பிடி கர்த்தருக்கு என்று தனிப்பானையில் போடுவது, சனிக்கிழமை எல்லா வீட்டிலும் சேர்த்து மறுநாள் உபதேசியார் வீட்டில் கொடுப்பது. சபை அவருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் அரை வயிறுதான் நிறையும். மீதி அரை வயிறு இந்த அரிசி.

நம் வீட்டுப் பங்கை மகள் ஸ்டெல்லா முன்பே பையில் போட்டு வைத்திருந்தாள். அதோடு கிளம்பினேன். முதலில் எலிசபெத் வீடு. பானைப் பக்கமே போகவில்லை அவள். ரேஷன் பையைப் பிரித்து டம்ளரால் மொண்டு கொட்டினாள். புழுங்கின கோணி நாற்றம். வெள்ளைப் புழு ஒன்று என் விரலில் ஏறியது.

"நீங்க துன்றதும் இதானா?" என்று கேட்டேன்.

"இன்னா டீச்சரக்கா, இத்த யாரு துன்னுவா? ஊட்டுக்கு சூலூர்ப்பேட்டைலேர்ந்து ரயில்ல வர்ற கிச்சிலி சம்பா. அத்த எப்டி தூக்கி குடுக்கறது? ரேஷன்ல வாங்கறது சும்மாதானே கெடக்குது."

மற்ற வீடுகளிலும் இதே அரிசி, இதே நாற்றம். யாருக்கும் கூச்சமில்லை. நாத்து நட்டுக் களை எடுத்துப் பிழைத்த காலத்தில் இந்த வீடுகளில் வெந்தது நொய். கர்த்தருக்கும் அதே நொய்தான் போட்டார்கள். இப்போது ஆளுக்கொரு கம்பெனி வேலை, கூரை போய் மாடி, கர்த்தருக்கு மட்டும் வேறு அரிசி. வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவியும் அருவருப்பு போகவில்லை.

16, ஞாயிறு

மழை விட்டது, சேறு. கோயிலில் டெர்லின் சட்டையும் பவுடர் வாசனையும். உட்கார இடமில்லை.

சாட்சி சொல்லும் நேரம். ஒருவர் ஃபேன் கொடுத்த தேவனுக்கு ஸ்தோத்திரம் சொன்னார். அடுத்தவருக்கு ஸ்கூட்டர். எலிசபெத் புருஷன் இரும்பு பீரோவுக்காக அழுதே விட்டார். என் வீட்டுக்காரரும் எழுந்தார். சபைக் கமிட்டியில் இருந்துகொண்டு எழாமல் இருக்க முடியுமா? ஓவர்டைம் தவறாமல் கிடைப்பதற்காகத் துதி. கடைக்காரன் சிட்டையை வாசிப்பது போல இருந்தது. பாவம், நோய், சாவு என்று ஒருவர் வாயிலும் ஒரு வார்த்தை இல்லை.

ஆராதனை முடிந்து அரிசியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உபதேசியார் மனைவி முறத்தில் கொட்டினாள். புழுக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"பயத்தங்கா போட்டு வடிச்சா நாத்தம் தெரியாது டீச்சரம்மா. பசங்க துன்னுடும்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

18, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று சுவரெல்லாம் சுண்ணாம்பு. வரவில்லை. தலைவலி.

சாயங்காலம் ஏதோ தோன்றி நம் வீட்டுக் காணிக்கைப் பானையைத் திறந்தேன். அதே நாற்றம். காலையில் நான் ஓடிவிடுவேன், உலை வைப்பதெல்லாம் ஸ்டெல்லா. கூப்பிட்டேன்.

"நைனாதான் மாத்திப் போட சொல்ச்சி. போன தீபாவளிக்கு, இல்ல, அதுக்கு மின்னாடியே. நான் இன்னா பண்ணட்டும்?"

வீடு வீடாக மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தேனே, பையின் அடியில் கிடந்தது என் வீட்டு அரிசி.

இவர் ஷிப்ட் முடிந்து வந்ததும் கேட்டேன். சட்டையைக் கழற்றிக்கொண்டே பதில்.

"எல்லாரும் அத்தத்தானே போட்றாங்க? நம்ப மட்டும் நல்ல அரிசி போட்டா பெருமை காட்டிக்கினா மாதிரி ஆவாது? எல்லாம் ஒண்ணா கலந்துட்ற அரிசி. எது யாரு ஊட்டுதுன்னு கர்த்தருக்குத் தெரியுமா இன்னா?"

கர்த்தருக்குத் தெரியாதாம். கமிட்டி மெம்பர் சொல்கிறார்.

21, வெள்ளி

மறுபடி மழை. செருப்பு தைத்தாயிற்று. ஸ்டெல்லாவுக்கு இருமல், கஷாயம்.

ராச்சோறு நானே வடித்தேன். காணிக்கைப் பானையிலிருந்து. பயத்தங்காய் போடவில்லை. அந்தப் பானையைக் கழுவித் துடைத்துக் கிச்சிலி அரிசியை வாய்வரை போட்டேன்.

இவர் வழக்கம்போலக் கண்ணை மூடி நீளமாக ஜெபம். "நீர் தந்த நல்ல ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம்." ஒரு வாய் வைத்தார். தட்டிலேயே துப்பினார்.

"இன்னாடி இது, மனுஷன் துன்றதா?"

"காணிக்கை அரிசி."

என்னை ஒரு பார்வை பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் ஓட்டலுக்குப் போய்விட்டார். ஸ்டெல்லா கஷாயத்தைக் குடித்துவிட்டுப் படுத்தாள்.

நன்றாக வேண்டும் என்று இருந்தது. சந்தோஷமாகக்கூட. என் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன், ஒரு வாய் வைத்தேன். தொண்டையில் இறங்கவில்லை. கொல்லைக்கு ஓடித் துப்பினேன். நொய்க் கஞ்சிக்கு அண்ணனோடு அடித்துக்கொண்ட வாய் இது. எப்போது இப்படி ஆனது? இவர்மேல் இருந்த அருவருப்பெல்லாம் அப்படியே என்மேல் திரும்பியது.

22, சனி

வெயில். பானையோடு கிச்சிலி அரிசியை உபதேசியார் வீட்டில் கொடுத்துவிட்டேன். அவர் மனைவி அள்ளிப் பார்த்து, "மாத்திக் குட்த்துட்டீங்களா டீச்சரம்மா?" என்றாள். இல்லை என்றேன். தெருவில் மற்ற வீடுகளுக்குப் போகவில்லை. என்ன முகத்தோடு போய்க் கேட்பது?

வீட்டில் ரேஷன் அரிசி இன்னும் பாதி மூட்டை. அது தீரும்வரை எனக்கு அதுதான் என்று சொல்லிவிட்டேன். "பைத்தியம் புட்ச்சிகினுது" என்றார் இவர், ஸ்டெல்லாவிடம். அவர்கள் இருவருக்கும் கிச்சிலி தனியாக வடித்தாயிற்று.

மத்தியானம். என் தட்டில் அந்தச் சோறு. பக்கத்துத் தட்டுகளில் வெள்ளை வெளேரென்று கிச்சிலி, ஆவி பறக்க. கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னேன். சொல்லிக்கொண்டே அந்த வாசனையை மோந்துகொண்டிருந்தேன். ஆமென் சொல்லியாகிவிட்டது. கை தட்டுக்குப் போகவில்லை.