கூரையில் அடைத்த தகரம்

பிப்ரவரி 4
சூரிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுத்த ஹைட்ரஜனில் ஓடும் ஆறு பேருந்துகள் பணிமனைக்கு வந்துவிட்டன. திட்டப் பொறியாளர் என் மகள். அதே பணிமனையில் முப்பத்து நான்கு வருடம் டீசல் புகையை விழுங்கியவன் நான். பார்க்க வாங்க என்று அவளிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. நானே போனேன்.

வண்டிகள் வெள்ளை வெளேரென்று நிற்கின்றன. அண்ணாந்து பார்த்தேன். கூரை உச்சியில் வாயு வெளியேற விட்டிருந்த நீளத் திறப்பைத் தகரம் வைத்து அடைத்திருக்கிறார்கள்.

"புறா எச்சம் போடுதுண்ணே. விழாவுக்கு வண்டி பளிச்சுனு நிக்க வேணாமா?" என்றான் தலைமை ஃபிட்டர்.

"கேஸ் கசிஞ்சா எங்கடா போகும்?"

"கசிஞ்சா வாடை வந்துடாது?"

வாடையே இல்லாத வாயு. மேலேதான் ஏறும். தகரத்துக்கு அடியில் தங்கும். ஒரு பொறி போதும். இதெல்லாம் புத்தகம் வாங்கிப் படித்த எனக்குத் தெரிகிறது, சம்பளம் வாங்கும் இவனுக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 5
மகளிடம் சொன்னேன். கைப்பேசியில் படம் காட்டினாள். திறப்பு திறந்துதான் இருக்கிறது — ஆனால் படம் நவம்பரில் எடுத்தது. "நீங்க டீசல் காலத்து ஆளுப்பா. கசிஞ்சா காட்டிக்கொடுக்க சென்சார் இருக்கு, விடுங்க."

சென்சார் திறப்பின் மேல் விளிம்பில். தகரம் அதற்குக் கீழே; கசியும் வாயு சென்சாரை எட்டவே எட்டாது. "ஏறிப் பாத்தியா?" என்றேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள்.

பிப்ரவரி 7
மறுபடி சொன்னேன். ஃபோனை வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 8
போக்குவரத்து ஆணையருக்கு மனு கொடுத்தேன். மகளைத் தாண்டிப் போகிறேன் என்று தெரிந்தேதான். ஒரு வண்டி வெடித்தால் எந்த ஊரும் இந்த ஹைட்ரஜன் வண்டியைத் தொடாது. இன்னும் ஐம்பது வருடம் எல்லோரும் புகையைக் குடிக்க வேண்டியதுதான். வேறென்ன செய்ய?

பிப்ரவரி 9
ஆய்வாளர்கள் கூரையில் ஏறினார்கள். தகரத்தடியில் வாயு தேங்கியிருந்ததாம். விழா தள்ளிப்போனது. மகளிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ். அடைத்தவனுக்கு ஒன்றும் இல்லை.

அவள் வாசலோடு நின்று சொன்னாள்: "இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தா நானே ஏறியிருப்பேன்பா."

ஏறியிருப்பாளா? ஏறியிருப்பாள்தான். அந்த ஒரு நாளுக்குள் என்ன ஆகியிருக்கும்? மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

பிப்ரவரி 20
தகரத்தைப் பிரித்துவிட்டார்களாம். மகள் என் ஃபோனை எடுப்பதில்லை.

மார்ச் 9
விழா. அழைப்பு வரவில்லை. பணிமனைக்கு எதிர் நிறுத்தத்தில் நின்றேன். முதல் பேருந்து வெளியே வந்தது. புகை இல்லை, எனக்கு இருமலும் வரவில்லை. ஜன்னலோரம் மகள். என்னைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வண்டியின் வெள்ளை நெற்றியில் காயாத புறா எச்சம். யாரும் துடைக்கவில்லை.