லேமினேட் செய்த ஈசிஜி

என்னோடு பேசாமலிருந்தவளுக்கு,

ஐசியூவில் போனை வாங்கி வைத்துவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

நெஞ்சுவலிக்கு எடுத்த ஈசிஜி நார்மல் என்றதும், உன்னிடம் காட்டிப் பெருமையடிக்க அம்பத்தூரில் அதை லேமினேட் செய்தேன். ஈசிஜி தாள் சூட்டில் பதிவதாம்; மெஷின் சூடு பட்டதும் முழுக்கக் கறுத்துப்போனது. அதைப் பார்த்து, மாதக்கணக்கில் முகம் கொடுக்காத நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே மறுபடி வலித்தது.

"அப்போ வலி நின்னப்புறம்தானே எடுத்தாங்க? இப்ப வலிச்சுகினு கீதுல்ல, வாய்யா, வேற எடுக்கலாம்!" என்று ஆட்டோ பிடித்தாய்.

ஆஸ்பத்திரியில் எடுத்த புது ஈசிஜியில் ஒரு கோடு இறங்காமல் தூக்கியே நின்றது. அதைப் பார்த்துத்தான் இதயக் குழாய் அடைப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள்.

நம் சண்டைக்குக் காரணமான நூம்பல் வீட்டு விஷயம் இனி உன் இஷ்டம்.

இன்று எடுத்ததில் கோடு இறங்கிவிட்டது. நீ இன்னொரு முறை சிரிப்பாய் என்றால், இதையும் லேமினேட் செய்கிறேன்.

உன் வீட்டுக்காரன்