வடக்குக் கோலுக்கு முன்னால் எங்கள் வாசல் புல்

பாரோய்,
வெள்ளிக்கிழமை மாலை

அன்புள்ள நிவிக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அப்பாவின் மனசுதான் ஒரு வாரமாக ஒரு நிலையில் இல்லை. அபெர்டீன் குளிரில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாய் என்று நம்புகிறேன். இதைக் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், போனில் சொன்னால் நடுவில் கேள்வி கேட்பாய், எனக்குக் கோர்வை போய்விடும்.

நாளை நம் புக்கிட் செரோஜா தோட்டத்துக் கால்பந்து அணிக்கும் சி ரூசா அணிக்கும் கடைசி ஆட்டம். ஜெயித்தால் நாம் மேல் பிரிவுக்குப் போவோம், சமமாக முடிந்தால்கூட அவர்கள்தான் போவார்கள். நீ பிறந்த வருஷம் கீழே இறங்கிய அணி, நீ படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டாய், அது இன்னும் ஏறவில்லை. அணியின் செயலாளரான அப்பா வருஷா வருஷம் ‘இந்தத் தடவை பாரு’ என்பதும், நான் தலையாட்டிவிட்டு விடைத்தாள் திருத்தப் போவதும் உனக்குப் புதிதில்லை.

இந்தத் தடவை வந்த சிக்கல் வேறு. இந்த ஆட்டம் போன மாதமே முடிந்திருக்க வேண்டும், மழையால் தள்ளிப்போய், மாரியம்மன் கோயில் தீமிதி நடந்த அதே வாரத்தில் வந்து விழுந்தது. தீக்குழியை அம்மன் பார்வைக்கு நேராகத்தான் வெட்டுவார்கள், அது கோயிலுக்கு எதிரே இருக்கும் நம் திடலின் வடக்குக் கோலுக்கு முன்னால் வரும். மற்ற வருஷங்களில் அப்போது ஆட்டமே இருக்காது, யாருக்கும் தொந்தரவில்லை. இந்த வருஷமும் பழக்கப்படி வெட்டிவிட்டார்கள், கயிறு பிடித்து அளந்து கொடுத்ததே உன் அப்பாதான்! ஆட்டத்தின் தேதி அவருக்கு ஞாபகம் வந்தது மண்வெட்டியைக் கழுவும்போது. ஞாயிற்றுக்கிழமை கோல்கீப்பர் ஷங்கரும் ஆட்டத்துக்காக வேண்டிக்கொண்டு குழியில் இறங்கினான், தான் காக்க வேண்டிய கோலுக்கு முன்னால் தணல் மேல் நடந்தான். மறுநாள் காலையில் லீக் அதிகாரி வந்து பார்த்து, வெள்ளிக்கிழமைக்குள் தரை சரியாகாவிட்டால் ஆட்டம் சி ரூசாவில்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கே போனால் நமக்குக் கைதட்ட ஒரு வேன் ஆள்கூடத் தேறாது.

தீ மிதித்த மண்ணில் பூட்ஸ் காலோடு ஓடலாமா என்று ஒரு பேச்சும் கிளம்பியது. கோயில் தலைவர் சன்னாசி, ‘மிதிக்கிறதுக்குன்னே ஆத்தா குடுத்த எடம்பா அது, நம்ம பையனுங்களும் மிதிக்கட்டும், விடுங்கலா’ என்று முடித்துவிட்டார். சாம்பலை அள்ளி, மண் போட்டு மூடியாயிற்று. புல்லுக்கு என்ன செய்வது? நான் உயிரியல் சொல்லிக்கொடுப்பவள், வெட்டி ஒட்டிய புல் நாலு நாளில் பிடிக்காது என்று அப்பாவிடம் சொன்னேன். சாயந்திரம் அவரைக் காரில் திடலுக்குக் கொண்டுபோய் விட்டவள், இறங்கி அப்படியே நின்றுவிட்டேன். தோட்டத்திலிருந்தும், பாரோயிலிருந்தும், குடிபோன கோலா பிலாவிலிருந்தும், ஆளாளுக்குத் தங்கள் வீட்டு முன்னாலிருந்து புல்லை மண்ணோடு பெயர்த்துக்கொண்டு வந்துகொண்டே இருந்தார்கள். அண்டாவில், சாக்கில், மோட்டார் சைக்கிள் சீட்டில், குழந்தையின் தள்ளுவண்டியில். யாரும் யாரையும் வேலை ஏவவில்லை. கோயிலில் சமைக்கிற வள்ளியம்மா நான் வெறுங்கையோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, ‘என்னா டீச்சர், ஒங்க வீட்டுப் புல்லு மட்டும் டிகிரி படிச்சிருக்கா, மண்ணுல எறங்காதா?’ என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும். வீட்டுக்குத் திரும்பி வாசல் மூலையில் வெட்டினேன். நீ சுவரில் பந்தடித்து மொட்டையாக்கி வைத்திருந்து, நீ போன பிறகு தானாக முளைத்த இடம் அது. அதைக் கோல் கம்பத்தின் வலப்பக்கம் நானே பதித்தேன்.

இன்று அதிகாரி வருவதற்கு முன்னால் போய் மண்டியிட்டு அதன் ஓரத்தை இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. மெல்லத் தூக்கினால் அடியில் நூல் மாதிரி வெள்ளை வேர்கள். மழை, மண்ணில் மிச்சமிருந்த சூடு என்று எனக்குத் தெரிந்த காரணங்களையெல்லாம் சொல்லிக்கொண்டேன், எல்லாம் சரியாகவே இருக்கலாம், ஆனாலும் கொஞ்ச நேரம் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அதிகாரி வந்தார், குதிகாலால் ஓங்கி மிதித்தார், குறுக்கே இரண்டு தரம் நடந்தார், மலாயில் ‘போலே’ என்றார், ஆடலாம் என்று. அப்பா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ‘செக்ரட்டரி, அழுவுறதுன்னா அந்தாண்ட போய் அழுவுங்க, தரை ஈரமாயிடும்’ என்று வள்ளியம்மா விரட்டினார்.

நாளை ஜெயிப்போமா, தெரியாது. சி ரூசாக்காரர்கள் நன்றாக ஆடுகிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நிவி, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எனக்கும் ஆசையாக இருக்கிறது, அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நீ நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் நடந்து, நிறைவாக இருக்க அம்மன் துணை இருக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே, நாளை நம் நேரம் ஐந்து மணியிலிருந்து ஏழு வரை அப்பாவைக் கூப்பிடாதே. என்னையும்தான். வடக்குக் கோலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பேன், போனை எடுக்க மாட்டேன்.

என்றும் உன் அன்பு
அம்மா,
குமுதவல்லி