வன்ஸ்மோர் கேட்ட பாட்டு

இஞ்சாருங்கோ,

கலியாணம் கட்டிய நாளிலிருந்து இப்படித்தான் கூப்பிட்டேன். செத்துப்போனீர்கள் என்பதற்காக மரியாதையைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

உங்கள் முப்பத்தோராம் நாளை இங்கே சிட்னியில், மெரிலேண்ட்ஸ் மண்டபத்தில் குறைவில்லாமல் செய்தோம். உயிரோடு இருந்தபோது எட்டிப் பாராத சனமெல்லாம் வந்து வடையும் பாயாசமும் சாப்பிட்டது. அப்போது நம் மகள் தர்சினி மேடையேறி, "அம்மாக்கு ஒரு சர்ப்ரைஸ்" என்றாள். ஸ்பீக்கரில் கிற்றார் கேட்டது. பிறகு உங்கள் குரல்.

அந்தப் பாட்டுத்தான். எழுபதுகளில் கொழும்பு வானொலிக்கு நீங்கள் பாடிய பொப் பாட்டு. சிங்களவரும் தமிழரும் ஒரு தாய் பிள்ளைகள் என்று, பெல்பொட்டமும் போட்டுக்கொண்டு பாடினீர்களே, அதேதான். யாரோ பழைய இசைத்தட்டிலிருந்து இணையத்தில் ஏற்றிவிட்டானாம். அப்பா பாடகன் என்பதே பிள்ளைக்கு இப்போதுதான் தெரியும். சிட்னிக்கு வந்தபிறகு நீங்கள் குளியலறையில்கூட வாய் திறக்கவில்லையே, எப்படித் தெரியும்?

சனம் கைதட்டியது. பாட்டு முடிந்ததும் மருமகன் உற்சாகத்தில் "வன்ஸ்மோர்!" என்று கத்தினான்.

நான் எழும்பிப் போய் வயரைப் பிடுங்கினேன்.

"அப்பாக்கு இருந்தது இந்த ஒரு பெருமைதான் அம்மா. அதையும் பொறுக்கேலாதோ உங்களுக்கு? யூ ஆர் சோ மீன்" என்று தர்சினி எல்லோர் முன்னாலும் அழுதாள்.

எண்பத்துமூன்று கலவரத்தன்று, கொழும்பில் எங்கள் வீட்டுக் கேற்றடியில் நின்ற சிங்களக் காடையர்களும் வன்ஸ்மோர்தான் கேட்டார்கள். உங்களை அடையாளம் கண்டு, பாடச் சொன்னார்கள். பாடினால் விட்டுவிடுவார்கள் என்று நம்பினீர்கள். நான் கைக்குழந்தை தர்சினியோடு பின்மதில் ஏறிக் குதித்து, அடுத்த வீட்டுக் குசினிக்குள் அடுப்படியில் ஒளிந்து, அவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். சுருதி பிசகவில்லை. அவர்கள் தாளம் போட்டார்கள். நடக்க முடியாத உங்கள் தம்பி யோகன் உள்ளே கட்டிலில் கிடந்தான். அவனைத் தூக்கிவர வேண்டியவர் நீங்கள். நீங்கள் இரண்டாம் தரம் பாடி முடிப்பதற்குள் வீட்டின் பின்பக்கம் எரியத் தொடங்கிவிட்டது.

எங்களைத் தப்பவைக்கத்தான் பாட்டை நீட்டினீர்களா? இல்லை, கைதட்டலில் தம்பியை மறந்தீர்களா? வாழ்நாள் முழுக்கக் கேட்டேன். நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தீர்கள். பதில் சொல்லாமலே போயும் சேர்ந்துவிட்டீர்கள். கெட்டிக்காரர்.

இப்போது வில்லி நான்தான். சித்தப்பா காய்ச்சலில் செத்தார் என்றுதான் தர்சினிக்குத் தெரியும்; அது நீங்கள் கட்டிய கதை. ஒரு வசனம் சொன்னால் போதும், அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுவாள், உங்கள் படத்தைச் சுவரிலிருந்து கழற்றுவாள். நாக்கு நுனிவரை வந்தது.

போன கிழமை தர்சினி சமாதானம் பேச குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் தன் வீட்டிலிருந்து வந்தாள். என் ஃபோனை வாங்கி எதையோ தட்டிவிட்டு, "இனி நான் கோல் பண்ணினா அப்பா பாடுவார்" என்று சிரித்தாள். உங்கள் மூக்கு, உங்கள் சிரிப்பு. "ஓம் பிள்ளை, நல்லாயிருக்கு" என்றேன்.

ஒவ்வொரு பின்னேரமும் அவள் கோல் எடுக்கிறாள். நீங்கள் தொடங்குகிறீர்கள். நான் ஃபோனை எடுக்க ஈரக்கையோடு குசினியிலிருந்து ஓடுகிறேன்.

அவளுக்குச் சொல்லமாட்டேன். இது சத்தியம். உங்களுக்காக இல்லை, அவளுக்கு ஒரு அப்பா வேண்டும். ஆனால் இந்த வீட்டில் உங்களை இரண்டாவது வரி பாட விடமாட்டேன்.

இன்னும் உங்களை மன்னிக்காத,
உங்கள் மனுசி