ஔசேப்பேட்டன் திட்டவில்லை

திருச்சூர்,
ஜூலை 9, காலை

அன்புள்ள ஜின்சி சிஸ்டருக்கு,

ஐ.சி.யூ. வாசலில் இருந்து காவலாளியிடம் இந்தச் சீட்டைக் கொடுத்தனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதே மோளே. நேற்று உள்ளே விட்ட ஐந்து நிமிஷமும் என் வீட்டுக்காரர் உன்னைப் பற்றித்தான் குறை சொன்னார். "மணிக்கொரு தடவ எழுப்பிப் பேர் கேக்கறா. பேர் தெரியாமலா படுக்கப் போட்டிருக்கா?" மாதா கோயில் படியில் வழுக்கி மண்டையில் அடிபட்ட மனுஷன். கொஞ்சம் தூங்கவிடக் கூடாதா?

ரோசிலி

ஜூலை 9, மதியம்

அன்புள்ள ரோசிலி சேச்சிக்கு,

கோபமில்லை. மண்டைக்குள் ரத்தம் கசிந்தால் வெளியே தெரியாது. தூக்கமும் மயக்கமும் பார்வைக்கு ஒன்றுதான். அதனால்தான் எழுப்பிப் பேர், ஊர், கிழமை கேட்கிறேன். கண்ணில் டார்ச் அடிக்கிறேன். இன்று ஔசேப்பேட்டனிடம் கிழமை கேட்டதற்கு, "செவ்வா! சில்லற இருந்தா ஏறு, இல்லேன்னா எறங்குடீ!" என்றார். வீட்டிலும் இப்படித்தானா?

ஜின்சி

ஜூலை 9, மாலை

ஜின்சி மோளே,

வீட்டில் இதைவிட மோசம். குன்னங்குளம் பஸ்ஸில் காலமெல்லாம் கண்டக்டர் அல்லவா! பெற்ற மகளைக்கூட "மோளே" என்று கூப்பிட்டதில்லை. கறியில் உப்பு ஒரு கல் கூடினால் தட்டு முற்றத்துக்குப் பறக்கும். ஒருநாளாவது என்னிடம் இதமாகப் பேசமாட்டாரா என்று மாதாவிடம் கேட்காத ஞாயிறு இல்லை. திட்டுகிறார் என்றால் நன்றாக இருக்கிறார். நீ எழுப்பிக்கொள்.

ரோசிலி

ஜூலை 11

அன்புள்ள சேச்சிக்கு,

நேற்று ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்க ஓடிவந்தபோது விளக்க நேரமில்லை. மாலையில் பேர், ஊர், கிழமை எல்லாம் சரியாகச் சொன்னார். கண்ணும் சரி. நினைவைக் குறிக்கும் தாளில் முழு மதிப்பெண். கடைசியில், "போதுமா மோளே?" என்றார். ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிட்டேன்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு? என்ன மாற்றம்?"

"திட்டல சார்."

அவர் சிரிக்கவில்லை. உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். புதிதாக ரத்தம் கசிந்திருந்தது. கண்மணி விரியும்வரை காத்திருந்தால் ஆளைப் பிழைக்க வைத்திருக்க முடியாதாம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்னும் கண் விழிக்கவில்லை. உங்கள் சீட்டு வராமலிருந்தால், அந்த "மோளே"யைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருப்பேன். ஜெபம் பண்ணுங்கள்.

ஜின்சி

செப்டம்பர் 22

என் அன்பு ஜின்சி மோளுக்கு,

வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகிறது. நடக்கிறார், சாப்பிடுகிறார். புது ஸ்கேனிலும் கசிவில்லை என்றார் டாக்டர். உன் புண்ணியத்தில் என் தாலி நிலைத்தது. ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

ஆனால் என்னையும் "மோளே" என்றுதான் கூப்பிடுகிறார். பஸ் ஹாரன் கேட்டால் முன்பு போலத் திட்டுவதில்லை, சிரிக்கிறார். பக்கத்து வீட்டுக்காரி, "குடுத்து வெச்சவடீ நீ" என்கிறாள். மாதா நான் கேட்டதைக் கேட்டபடியே கொடுத்துவிட்டாள். எனக்கு அழுகைதான் வருகிறது.

இன்று மீன் கறியில் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வாய் வைத்தார். "நல்லாருக்கு மோளே" என்றார்.

நீ ஏன் விடாமல் எழுப்பினாய் என்று இப்போது தெரிகிறது. நாளைக்கும் உப்பைப் போட்டுப் பார்ப்பேன்.

உன்,
ரோசிலி சேச்சி