நடக்காத மீட்புப் பயிற்சிக்கு வந்த என் சான்றிதழை ரத்து செய்யக் கோரி

அனுப்புநர்:
பயிற்சி எண் 17,
உயர்மாடிக் கட்டடங்களின் வெளிக்கண்ணாடி துடைக்கும் கயிற்றுத் தொழிலாளி,
மூன்றாம் தொகுதி, இரண்டாம் மாடி,
தொழிலாளர் குடியிருப்பு.

பெறுநர்:
தொழிலாளர் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகம்.

பொருள்: கடும் வானிலை என்று கூறி நான்கு நாட்கள் ரத்து செய்யப்பட்ட கயிற்று மீட்புப் பயிற்சியை நான் முடித்துவிட்டதாக வழங்கப்பட்ட சான்றிதழை ரத்து செய்து, பயிற்சியை நேரில் நடத்த உத்தரவிடக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. இம்மாதம் 9, 10, 11, 12 ஆகிய தேதிகளில் என் கைப்பேசிக்கு வந்த நான்கு ரத்துச் செய்திகள்.
2. 13-ஆம் தேதி அதே கைப்பேசிக்கு வந்த சான்றிதழ்.

மதிப்பிற்குரிய ஐயா,

சான்றிதழ் கிடைக்கவில்லை என்று தங்களுக்குப் பல மனுக்கள் வந்திருக்கும். கிடைத்த சான்றிதழைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கும் மனு இது. தவறாக அனுப்பிவிட்டானோ என்று எண்ணி ஒதுக்கிவிடாமல் முழுவதும் படிக்க வேண்டுகிறேன்.

1. எங்கள் வேலை இரண்டிரண்டு பேராகச் செய்யும் வேலை. மொட்டைமாடியில் கயிற்றைக் கட்டி, பெல்ட்டில் தொங்கியபடி மாடி மாடியாக இறங்கிக் கண்ணாடி துடைப்போம். என் ஜோடி என் அக்காள் கணவர், பயிற்சி எண் 18. ஒருவர் மயங்கினாலோ அடிபட்டாலோ மற்றவர் தன் கயிற்றிலேயே அவரிடம் போய், அவரைத் தன்னோடு பிணைத்துத் தரைக்குக் கொண்டுவர வேண்டும். அசையாமல் பெல்ட்டில் தொங்குகிறவருக்குக் கால் வார் இறுக்கிக் காலிலேயே ரத்தம் தேங்கிவிடும், பதினைந்து நிமிடத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்று முதல் நாள் வகுப்பில் பயிற்சியாளர் சொன்னார். தீயணைப்பு வண்டியின் ஏணி எட்டாம் மாடிக்கு மேல் எட்டாது என்பதையும் அவரே சொன்னார். ஆகவே மேலே அவருக்கு நான், எனக்கு அவர். வேறு யாரும் கிடையாது.

2. இதைக் கற்றுத்தரத்தான் ஐந்து நாள் நேரடிப் பயிற்சி, 8-ஆம் தேதி திங்கள் முதல் 12-ஆம் தேதி வெள்ளி வரை. திங்களன்று பயிற்சிக்கூடத்துக்குள் அல்ல, பயிற்சி நிலையத்தின் வகுப்பறையில் வகுப்பு நடந்தது. இருபத்திரண்டு பேர் நனைந்துகொண்டு வந்தோம். படம் போட்ட கையேடு கொடுத்தார்கள். மாலையில் வருகைப் பதிவேட்டை நீட்டிய பயிற்சி நிலைய எழுத்தர், "மழை எப்படி இருக்கும்னு தெரியல, அஞ்சு நாளுக்கும் இப்பவே போட்டுட்டுப் போங்கப்பா, நாளைக்கு ஒருத்தர் வந்து ஒருத்தர் வரலைன்னா எனக்குத்தான் தலைவலி" என்றார். போட்டோம். நானும் போட்டேன்.

3. படித்தவன்தானே, ஏன் போட்டாய் என்று தாங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கள் வேலையில் தினமும் காலையில் கயிற்றைச் சோதித்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. நாங்கள் திங்கட்கிழமையே சனிக்கிழமை வரைக்கும் ஆறு கையெழுத்தையும் போட்டுவிடுவோம். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. ஒரு வியாழக்கிழமைக் கையெழுத்தைக்கூட வியாழக்கிழமை நான் போட்டதில்லை. நாளைய கையெழுத்தை இன்றே கேட்டால் எங்களில் ஒருவர் கையும் தயங்காது, அப்படிப் பழகிவிட்டோம். இந்தக் குற்றத்தில் என் பங்கை மறைக்க விரும்பவில்லை. பயிற்சி நிலையம் எங்கள் பழக்கத்தைத் தெரிந்துகொண்டுதான் பதிவேட்டை நீட்டியதா என்பதை மட்டும் தாங்கள் விசாரிக்க வேண்டும்.

4. செவ்வாய் காலை, "கடும் வானிலை காரணமாக இன்று செவ்வாய்க்கிழமை நேரடிப் பயிற்சி ரத்து செய்யப்படுகிறது, மறு தேதி பின்னர்" என்று செய்தி வந்தது. அன்று உண்மையிலேயே புயற்காற்று. எங்கள் தொகுதி வாசலில் மரம் சாய்ந்து தண்ணீர்க் குழாய் உடைந்தது. அந்த ஒரு நாளைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

5. புதனன்று காலை 6.12-க்கு மீண்டும் ரத்துச் செய்தி. வானிலை அறிக்கை வெளியானது ஏழு மணிக்கு. அதில் எச்சரிக்கை விலக்கப்பட்டதாகவும் லேசான மழையே இருக்கும் என்றும் இருந்தது. வானிலை அலுவலகத்துக்குத் தெரியாத புயல் ஒன்று பயிற்சி நிலையத்துக்கு முன்கூட்டியே எப்படித் தெரிந்தது என்பது எனக்கு விளங்கவில்லை.

6. வியாழனன்றும் "கடும் வானிலை" என்றே செய்தி வந்தது. அன்று வெயில் அடித்தது. மூன்று நாளாக வீட்டுக்குள் நாறிக்கொண்டிருந்த துணிகளை அக்காள் கொடியில் போட்டு மதியமே எடுத்துவிட்டார். "உங்க புயல்ல என் துணியெல்லாம் மொடமொடன்னு காஞ்சிடுச்சுடா, நாளைக்கும் புயல் உண்டான்னு கேட்டுச் சொல்லு, போர்வையும் நனைக்கணும்" என்றார். அந்த நேரம் நானும் அவர் கணவரும் வீட்டில் இல்லை, மாலையில்தான் இதைக் கேட்டோம். பயிற்சிதான் இல்லையே என்று நிறுவனத்தின் மேற்பார்வையாளர் எங்களைக் காலையிலேயே வேலைக்கு அழைத்து ஒன்பதாம் மாடிக் கண்ணாடியில் இறக்கியிருந்தார்.

ஐயா, இந்த ஒன்றைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். பயிற்சிக்கூடத்துக்குத் தகரக்கூரை இருக்கிறது, நாலு பக்கமும் சுவர் இருக்கிறது. ஒன்பதாம் மாடியின் வெளிப்புறத்தில் இரண்டும் இல்லை. கூரைக்கடியில் கயிறு கற்றுக்கொள்ள முடியாத அளவுக்குக் கொடுமையான ஒரு வானிலை, அதே நாளில் வெட்டவெளியில் கயிற்றில் தொங்குவதற்கு மட்டும் எப்படிப் பொருத்தமாக இருந்தது?

7. வெள்ளிக்கிழமை வந்த செய்தியில் "இன்று செவ்வாய்க்கிழமை" என்றே இருந்தது. அதன் பிறகுதான் எனக்குச் சந்தேகம் உறுதியானது. அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பயிற்சிக்கூடத்துக்கே போனேன். கேட் திறந்திருந்தது, தரை காய்ந்திருந்தது. ஏறிப் பழகுவதற்காக நிறுத்தியிருக்கும் இரும்புச் சட்டத்தைச் சுற்றித் தோள் உயரத்துக்குப் பெயிண்ட் டப்பாக்கள் அடுக்கியிருந்தன. அவற்றின் மேல் இருந்த தூசியில் விரலால் கோடு போட முடிந்தது. நான்கு நாளில் படிந்த தூசி அல்ல அது. மூலையில் நாற்காலியில் மீட்புப் பயிற்சிக்கான எழுபத்தைந்து கிலோ பொம்மை உட்கார்ந்திருந்தது. தலையிலிருந்து கால்வரை தொழிற்சாலையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை, கழுத்தில் பிரிக்காத முத்திரை. காவலாளி சொன்னது: "இவனை நாங்க மாப்பிள்ளைன்னுதான் கூப்பிடுறது தம்பி. வந்து ஒரு வருஷம் ஆச்சு, ஒரு வேலை கிடையாது, உக்காந்த எடத்துல உக்காந்திருக்கான். ஆபீசருங்க வந்தா மட்டும் தூசி தட்டி வைக்கச் சொல்லுவாங்க." அவர் சிரித்துக்கொண்டு சொன்னதால் நானும் அங்கே சிரித்துவிட்டேன். அவருக்கு இதனால் எந்தத் தொல்லையும் வரக்கூடாது என்பதை இங்கே குறிப்பிட்டு வைக்கிறேன்.

பயிற்சியை வானிலை நிறுத்தியதா, பெயிண்ட் டப்பா நிறுத்தியதா என்பதைக் கண்டுபிடிப்பது தங்கள் பொறுப்பு. நான் கண்டதை எழுதினேன்.

8. சனிக்கிழமை காலை சான்றிதழ் வந்தது. நான் "ஐந்து நாள் நேரடிப் பயிற்சியை வெற்றிகரமாக நிறைவு செய்தேன்" என்றும், மீட்புச் செய்முறையில் என் தரம் "மிக நன்று" என்றும் அதில் உள்ளது. இருபத்திரண்டு பேருக்கும் "மிக நன்று." பயிற்சியாளருக்குத் தொலைபேசினேன். "சான்றிதழ் வந்துடுச்சுல்ல, அப்புறம் என்னப்பா? இருபத்தோரு பேர் நன்றி சொல்றான், நீ ஒருத்தன் மட்டும் நோண்டுற" என்று வைத்துவிட்டார். திங்களன்று அவரை நல்ல மனிதர் என்று நினைத்திருந்தேன். இப்போது எதையும் நினைப்பதாக இல்லை.

9. எனக்கு உண்மையிலேயே தெரியாதா என்று சோதித்துப் பார்க்காமல் தங்களுக்கு எழுதக்கூடாது என்று எண்ணினேன். 14-ஆம் தேதி ஞாயிறு பகலில், பழைய பேப்பர் கடைத் தராசில் அக்காள் கணவர் ஏறி நின்றார். எழுபத்திரண்டு கிலோ. அதே எடைக்கு ஒரு சாக்கில் மணல் கட்டினோம். எங்கள் தொகுதியின் மாடிப்படிக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில், வேலையிலிருந்து கழித்த கயிற்றைக் கட்டி, மூன்றாம் மாடி உயரத்தில் அந்தச் சாக்கைத் தொங்கவிட்டேன். கையேட்டைப் படிக்கட்டில் விரித்து வைத்துக்கொண்டேன். பதினான்காம் பக்கத்துப் படம், நகல் எடுத்ததில் ஒரே கருப்பாக இருக்கிறது. முடிச்சு எங்கே போகிறது என்று தெரியவில்லை. அக்காள் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார்.

நான் சாக்கை என் பெல்ட்டோடு பிணைத்து முடிப்பதற்குள் "டேய், பதினஞ்சு ஆச்சு" என்று குரல் கொடுத்தார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அவர் கணவர், "நான் செத்து ஏழு நிமிஷம் ஆச்சுடா மச்சான், அவசரமில்ல, டீ குடிச்சிட்டுப் பொறுமையா இறக்கு" என்று கிண்டல் செய்தது இருபத்திரண்டாவது நிமிடத்தில். அதுவரை நிமிடங்களைச் சொல்லிக்கொண்டிருந்த அக்காள் அதன் பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். சாக்கு இரண்டாம் மாடி அருகே சிக்கிக்கொண்டது. பக்கத்து வீட்டுத் தையற்காரர் படிக்கட்டிலிருந்து கையை நீட்டி இழுத்துவிட்டதால்தான் தரைக்கு வந்தது. மொத்தம் நாற்பத்தொரு நிமிடம். ஐயா, பன்னிரண்டாம் மாடிக்கு வெளியே பக்கத்து வீடு கிடையாது.

"மிக நன்று" என்று தாங்கள் சான்று அளித்திருப்பது இதற்குத்தான்.

10. வரும் 22-ஆம் தேதி திங்கட்கிழமை முதல் இருபத்தாறு மாடிக் கட்டடம் ஒன்றில் எங்கள் வேலை தொடங்குகிறது. சான்றிதழ் உள்ள ஜோடிகளை மட்டுமே அங்கே ஏற்றுவார்கள். இந்த நான்கு நாள் ரத்தும் சனிக்கிழமைச் சான்றிதழும் அந்தத் தேதியை ஒட்டியே வந்திருப்பது தற்செயல்தான் என்று யாராவது ஆதாரத்தோடு காட்டினால் நம்பத் தயாராக இருக்கிறேன். மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "மூணு வருஷமா விழுந்தியா? இல்லைல்ல? போய் வேலையைப் பாரு" என்றார்.

11. என் சான்றிதழ் ரத்தானால் எனக்கு வேலை நிற்கும். எனக்கு மட்டுமல்ல. ஜோடி இல்லாமல் அக்காள் கணவரையும் ஏற்ற மாட்டார்கள். அவர் தன் சான்றிதழை ரத்து செய்யக் கேட்கவில்லை. "ரெண்டு பேரும் வீட்ல உக்காந்தா அடுப்புல எதை வைக்கிறது, உன் மனுவையா?" என்று 15-ஆம் தேதி திங்களன்று கேட்டார். இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை. அவர் கேட்டதில் தவறு இல்லை. அவருக்குக் காட்ட என்னிடம் நாற்பத்தொரு நிமிடம் மட்டும் இருக்கிறது.

ஆகவே பணிவுடன் வேண்டுவது:

அ) பயிற்சி எண் 17-க்கு வழங்கிய சான்றிதழை 22-ஆம் தேதிக்கு முன் ரத்து செய்ய வேண்டும்.

ஆ) வருகைப் பதிவேட்டை நேரில் வாங்கிப் பார்க்க வேண்டும். எண் 17-க்கு எதிரே, திங்களன்று என் நனைந்த சட்டைக்கையிலிருந்து சொட்டிய நீர் மையைக் கலைத்துவிட்டது. திங்கள் கட்டத்தில் தொடங்கி வெள்ளிக் கட்டம் வரை ஒரே ஈரம் ஒரே இழுப்பாகப் பரவியிருக்கும். வெயில் அடித்த வியாழக்கிழமைக் கையெழுத்தும் அந்த மழையில் நனைந்தே இருக்கும்.

இ) பயிற்சிக்கூடத்துக்கு முன்னறிவிப்பு இல்லாமல் போக வேண்டும். இந்த மனு வந்த செய்தி தங்கள் அலுவலகத்திலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தால், மாப்பிள்ளையின் பிளாஸ்டிக் உறையை அவிழ்த்து நாலு கீறல் போட்டு வைப்பதற்கு அரை மணி நேரம் போதும். உறை அவிழ்ந்திருந்தால் செய்தி எங்கிருந்து போனது என்பதையும் சேர்த்து விசாரிக்க வேண்டும்.

ஈ) அந்தக் கூரைக்கடியில் மீதி நான்கு நாள் பயிற்சியை எங்கள் இருபத்திரண்டு பேருக்கும் நடத்த வேண்டும். வானிலை உண்மையிலேயே மோசமாக இருந்தால் தள்ளி வைக்கலாம், ஆனால் பயிற்சி ரத்தாகும் நாளில் கட்டட வேலையும் ரத்தாக வேண்டும். அந்த நாட்களுக்கு எங்களை வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்று நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. என் சான்றிதழின் அடியில் தங்கள் அலுவலக முத்திரை இருக்கிறது. அதைத் தாங்கள் பார்த்து இட்டீர்களா, அல்லது நாங்கள் பதிவேட்டில் இட்டது போல மொத்தமாக முன்கூட்டியே இட்டுக் கொடுத்தீர்களா என்பது எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் இம்மனுவைத் தபாலில் போடாமல் நேரில் கொண்டுவந்து, பெற்றுக்கொண்டதற்கு நேரமும் தேதியும் இட்ட ரசீது கேட்கிறேன். மன்னிக்கவும்.

கீழே உள்ள கையெழுத்தைத் தேதியை எழுதிய பிறகு, அந்தத் தேதியிலேயே போட்டிருக்கிறேன். என் பணிக்காலத்தில் இதுவே முதல் முறை.

இடம்: தொழிலாளர் குடியிருப்பு
தேதி: 17, புதன்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
பயிற்சி எண் 17

சாட்சி: எண் 17-இன் அக்காளும் எண் 18-இன் மனைவியும் ஆகிய நான், 14-ஆம் தேதி கடிகாரத்தைப் பிடித்திருந்தேன். நாற்பத்தொரு நிமிடம் என்பது சரி.
(கையொப்பம்)