மேட்டுத் தெரு முதலில்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உங்கள் மூவரின் நலத்தை அம்மா சொல்லித் தெரிந்துகொள்கிறேன். போனில் எனக்குக் கோர்வையாக வராது. அதனால்தான் காகிதம்.

முதலில் செய்திகள். அப்பாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இரண்டு வாரம் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கண்ணுக்கு மூடி போட்டுக்கொண்டு அறைக்கும் வாசலுக்குமாக நடக்கிறார். "முப்பது வருஷமா இந்த மனுஷன் வீட்ல இருக்கறதில்லைன்னு திட்டினேன். இப்ப இருக்காரேன்னு திட்டறேன்" என்கிறார் அம்மா.

எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. அதே குடிநீர் அலுவலகம், அப்பா இருக்கும் அதே பிரிவு. நான் உதவிப் பொறியாளர், அவர் வால்வு திறப்பவர். வருகைப் பதிவேட்டில் அவர் கையெழுத்தைச் சரிபார்த்துக் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். முதல் நாள் எழுந்து நின்று "குட் மார்னிங் மேடம்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "மேடம், ஒரு டீ கிடைக்குமா?" என்றார்.

தோள் உயர இரும்புச் சாவியைக் குழிக்குள் விட்டு வால்வைத் திருப்புகிறவர் என்பதால் தெருவில் அவர் இன்றும் சாவிக்காரர்தான். நான் குட்டிச்சாவி. பெயர் வைத்தது அடுத்த வீட்டுத் தையல்கார அக்கா.

இனி விஷயம்.

அப்பா லீவில் இருப்பதால், எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்ற வரிசையை நான் எழுத வேண்டியிருந்தது. அவர் எழுதி வைத்ததே இல்லை. எல்லாம் அவர் தலைக்குள். வெள்ளைத் தாளில் முதல் வரியாக எழுதினேன்: பள்ளத் தெரு. நம் தெரு. உன்னை நினைத்துக்கொண்டுதான் எழுதினேன்.

சின்ன வயதில் நமக்கு ஊர் என்றால் அந்தத் தெருதான். சலவைக் கடை வளைவோடு உலகம் முடிந்தது. அப்பா மனசு வைத்தால் தண்ணீர் வரும். நமக்குக் கடைசியாக வருகிறது என்றால், அப்பாவுக்கு நம்மேல் பிரியமும் கடைசிதான். அவ்வளவுதான் நம் கணக்கு.

முதல் நாள் காலை ஆறு மணிக்கே நம் குழாயில் தண்ணீர் கொட்டியது. தையல்கார அக்கா குடத்தை இடுப்பில் வைத்தபடி, "உங்கப்பனுக்கு இல்லாத மனசு உனக்கு இருக்குடி" என்றார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்றாம் நாள் மேட்டுத் தெருவிலிருந்து புகார் வந்தது. நேரில் போனேன். நீ அங்கே போயிருக்கிறாயா? நான் போனதில்லை. இருபத்து மூன்று வருடமாக இதே ஊரில் இருக்கிறேன், ஒரு தடவைகூடப் போனதில்லை. நூற்று நாற்பது படிகள். ஏறும்போது எண்ணினேன். அந்தப் படிகளில்தான் அவர்கள் மூன்று நாளாகக் கீழிருந்து குடம் சுமந்திருக்கிறார்கள்.

குழாயைத் திருகினேன். காற்று வந்தது. பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். மூன்று காலிக் குடங்களுக்குக் காவலாக ஒரு சின்னப் பெண் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்: "ஏங்க்கா, கீழ இருக்கறவங்களுக்கு ரொம்பத் தாகமா?"

அவள் அம்மா உள்ளிருந்து வந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. "சாவிக்காரர் எங்கேங்க? அவர் இருந்தா இப்படி ஆகவே ஆகாது. தங்கமான மனுஷன்" என்றார்.

அண்ணா, அப்பாவைத் தங்கமான மனுஷன் என்று ஒருவர் சொல்லி என் காதால் கேட்டது அதுதான் முதல் முறை. யாரைச் சொல்கிறார் என்று ஒரு கணம் புரியவில்லை.

அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் நம் தெரு கட்டைவிரல் அகலம். சலவைக் கடை வளைவுக்கு அப்பால் இன்னும் எத்தனையோ வளைவுகள்.

காரணம் மிக எளிது. தொட்டி நிறைந்திருக்கும்போதுதான் மேட்டுக்கு ஏறுகிற அழுத்தம் இருக்கும். பள்ளத்துக்கு முதலில் திறந்தால் தொட்டி இறங்கிவிடும், அதற்குப் பிறகு மேட்டுக்குக் காற்றுதான். பள்ளத்துக்கு அந்தக் கவலை இல்லை. தொட்டியில் கால் பங்கு மீந்தாலும் தானாக ஓடி வந்துவிடும். இதே கணக்கைப் பரீட்சையில் போட்டு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அந்தத் தாளில் தெருக்களுக்கு அ, ஆ, இ என்றுதான் பெயர் இருந்தது. அதில் ஒன்று நம் தெரு என்று யாரும் சொல்லவில்லை.

அன்றே வரிசையை மாற்றினேன். மேட்டுத் தெரு முதலில், நாம் கடைசியில். மறுநாள் தையல்கார அக்கா என்னைப் பார்த்து, "அப்பனுக்குத் தப்பாம பொறந்திருக்கே" என்று கதவைச் சாத்திக்கொண்டார். வலித்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

இப்போது அந்த நாளைப் பற்றி எழுத வேண்டும். ஒரு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

அம்மா ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். பம்ப் பழுது, இரண்டு நாளாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை. மூன்றாம் நாள் பம்ப் ஓடத் தொடங்கியதும் அப்பா வழக்கம்போல் மேட்டிலிருந்து ஆரம்பித்தார். அம்மாவின் துணி துவைக்கக்கூட வழியில்லை. நீ கதவுக்குப் பின்னால் இருந்த இன்னொரு சாவியை எடுத்துக்கொண்டு போய் நம் வால்வைத் திறந்தாய். உனக்குப் பதினேழு வயது. அப்பா ஓடி வந்து சாவியைப் பிடுங்கி, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் உன்னை அறைந்தார். அதற்குப் பிறகு நீ அவரிடம் பேசவில்லை. வேலை கிடைத்ததும் போய்விட்டாய்.

தையல்கார அக்காதான் ஓடிப்போய்ப் போட்டுக்கொடுத்தார் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவர் இல்லை. நான்.

பதினோரு வயது. வால்வை வேறு யாராவது தொட்டால் ஊரே வெடித்துவிடும் என்று நினைத்தேன். பயத்தில் ஓடினேன். அப்பாவுக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமாக அவர் யாரிடமும் சொல்லவில்லை. உன் கோபம் முழுவதையும் அவரே வாங்கிக்கொண்டார். எனக்கு வர வேண்டிய பங்கை இப்போது கேட்கிறேன்.

அப்பா செய்தது சரி என்று நான் எழுதவில்லை. வரிசை சரி. அறை தப்பு. இரண்டும் ஒரே ஆளிடமிருந்து வந்தவை. இரண்டையும் ஒன்றாகப் பார்க்க எனக்கு இவ்வளவு வயது ஆக வேண்டியிருந்தது. நீ செய்ததும் அம்மாவுக்காக. அதுவும் இப்போதுதான் முழுதாகத் தெரிகிறது.

நேற்று அவருக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே கேட்டேன், அன்றைக்கு அண்ணனிடம் தொட்டிக் கணக்கைச் சொல்லியிருக்கலாமே என்று. மருந்து கன்னத்தில் வழிந்தது. பிறகு, "சொல்லத்தான் போனேன். வாய் வரலை, கை வந்துடுச்சு" என்றார். இதை எழுதட்டுமா என்றேன். "வேணாம். அவன் வேலையில இருப்பான்" என்றார்.

எழுதிவிட்டேன்.

அடுத்த மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. இடது கண்ணுக்கும் அதற்கு முன்னால் செய்ய வேண்டும். வா என்று கூப்பிடவில்லை. உனக்கு லீவு கிடைப்பது எத்தனை கஷ்டம் என்று தெரியும். என்மேல் கோபம் ஆற எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள். அவரை மட்டும் காக்க வைக்காதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா வெளியே போயிருப்பார், போனை அப்பாதான் எடுப்பார். உன் குரல் கேட்டதும் அவருக்குப் பேச்சு நின்றுவிடும். லைன் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. வைத்துவிடாதே, அண்ணா. வரும்.

அண்ணிக்கு என் வணக்கம். பாப்பா காடு மேடெல்லாம் ஏறிப் பார்த்து வளரட்டும்.

உன் பிரியமுள்ள,
தங்கை